கணினியை ஆளும் கடமை

(கல்முனைப் பகுதி இளைஞர் ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



இன்று என்னிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள், நம் வீட்டிலும் கடையிலும் பள்ளியிலும் இருக்கின்ற மேசைக் கணினியை எவ்வாறு ஒழுங்குசெய்வது, எவ்வாறு காப்பது, எவ்வாறு நிருவகிப்பது என்பதாகும். சமயச் சொற்பொழிவும் இலக்கியச் சொற்பொழிவும் கேட்டுப் பழகிய இவ்வவையில், இயந்திரத்தைப் பற்றிப் பேச ஒருவன் ஏன் வந்தான் எனப் பெரியோர்கள் எண்ணக்கூடும். காரணம் உண்டு. ஆலயத்தின் வரவுசெலவுக் கணக்கு இன்று கணினியில் இருக்கிறது. கடைக்காரரின் கடன்பற்றேடு கணினியில் இருக்கிறது. பிள்ளையின் பல்கலைக்கழக விண்ணப்பம், மகளின் திருமணப் படங்கள், காணி உறுதியின் பிரதி, வெளிநாட்டிலிருக்கும் மகன் அனுப்பிய கடிதம் யாவும் அங்கேதான் இருக்கின்றன. பெட்டகத்துக்குள் இருந்தவை கணினிக்குள் போய்விட்டன. ஆனால் பெட்டகத்தின் சாவியை இடுப்பில் முடிந்து வைத்த நாம், கணினியின் சாவியை எவர் கையில் கொடுத்திருக்கிறோம்? இதுவே இன்று நான் உங்கள் முன் வைக்கும் கேள்வி.

கணினி தெரியும் என்று சொல்லும் இளைஞர் நம்மிடையே மிகப் பலர். தட்டச்சுச் செய்யத் தெரியும். படம் பார்க்கத் தெரியும். விண்ணப்பம் நிரப்பத் தெரியும். ஆனால் கணினியைப் பயன்படுத்துவது வேறு, கணினியை ஆளுவது வேறு. மாட்டுவண்டியில் ஏறிச் செல்பவர் எல்லாரும் வண்டிக்காரர் ஆவதில்லையன்றோ?

முதலில் ஒரு சொல்லை விளக்கவேண்டும். கணினியை இயக்கி வைக்கும் அடிப்படை மென்பொருளை நம் இலங்கைப் பாடநூல்கள் "பணிசெயல் முறைமை" என்கின்றன. தமிழகத்தார் "இயங்குதளம்" என்பர். விண்டோஸ் என்பதும், லினக்ஸ் என்பதும், அப்பிள் நிறுவனத்தாரின் மக் என்பதும் இவ்வகையின. காரைதீவிலே பிறந்த விபுலானந்த அடிகளார், அறிவியலைத் தமிழிற் சொல்லவேண்டும் என்னும் உறுதியோடு 1930களிற் சென்னையிலே நடந்த கலைச்சொல்லாக்கப் பணியில் முன்னின்றவர் என்பதை நீங்கள் அறிவீர்கள். அவர் பிறந்த மண்ணிலிருந்து கொண்டு இப்பொருளைத் தமிழிற் பேச நாம் தயங்கவேண்டியதில்லை.

பணிசெயல் முறைமை என்ன செய்கிறது? ஒரு நெல்வயலை எண்ணிப் பாருங்கள். வயல் போடியாருக்கு உரியது. ஆயினும் போடியார் நாள்தோறும் வரம்பில் நின்று ஏவல் செய்வதில்லை. அவர் சார்பில் நிற்பவர் முல்லைக்காரர். எந்த வேலையாள் எந்த வரவையில் இறங்குவது, எவருக்கு எந்தக் கருவி கொடுப்பது, விளைந்த நெல்லை எங்கே குவிப்பது, இரவிற் காவலுக்கு யார் போவது என்பன அவர் பொறுப்பு. கணினியிலும் அப்படியே. உரிமையாளர் நீங்கள். எழுதும் நிரல், கணக்குப் பார்க்கும் நிரல், படங்காட்டும் நிரல் ஆகியன வேலையாட்கள். நினைவகத்தில் யாருக்கு எவ்வளவு இடம், வன்தட்டில் எந்தக் கோப்பை யார் தொடலாம், அச்சுப்பொறி யார் முறை என்பனவற்றைத் தீர்மானிப்பது பணிசெயல் முறைமை. முல்லைக்காரர் நேர்மையுள்ளவராகவும் விழிப்புள்ளவராகவும் இருந்தால் வயல் விளையும். போடியார் யார் என்பதையே அறியாத முல்லைக்காரர் வாய்த்தால், வந்தவன் போனவன் எல்லாம் நெல்லை அள்ளிச் செல்வான்.

இனி, ஒழுங்குசெய்தல், காத்தல், நிருவகித்தல் என்னும் மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

ஒழுங்குசெய்தல் என்றவுடன் திரையின் பின்னணிப் படத்தை மாற்றுவதையே இளைஞர் நினைக்கின்றனர். அதுவும் வேண்டியதே. ஆயினும் நம்மவர்க்கு முதல் ஒழுங்கு மொழி ஒழுங்காகும். விண்டோசிலும் சரி, லினக்சிலும் சரி, "தமிழ் (இலங்கை)" என்னும் அமைப்பைத் தேர்ந்தெடுக்கலாம். மைக்ரோசொஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 2000 என்னும் பதிப்பிலிருந்தே யூனிக்கோடு முறையிலான தமிழையும் லதா என்னும் எழுத்துருவையும் சேர்த்து வருகிறது. லினக்சிலோ, 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலிருந்து, உலகெங்குஞ் சிதறிக்கிடந்த தமிழ்த் தொண்டர்கள் கூலி வாங்காமல் இரவிரவாக உட்கார்ந்து திரைச் சொற்களைத் தமிழாக்கினார்கள். இலங்கைத் தர நியமமும் எஸ்.எல்.எஸ். 1326 என்னும் இலக்கத்தோடு 2008இல் தமிழுக்கு வகுக்கப்பட்டது. ஆகவே, கணினி தமிழ் அறியாது என்று எவரேனும் சொன்னால், அது கணினியின் குறையன்று. அமைப்பைத் திறந்து பாராதவரின் குறையே.

இங்கு பெரியோர்கள் கவனிக்கவேண்டிய ஒரு விஷயம் உண்டு. நம் பகுதியிலே ஆலய மலர்கள், பாடசாலை மலர்கள், பள்ளிவாசல் அறிவித்தல்கள், புலவர்களின் கையெழுத்துப் பிரதிகள் எனப் பல நூறு பக்கங்கள் "பாமினி" என்னும் எழுத்துருவில் தட்டெழுதப்பட்டுள்ளன. அது ஒரு காலத்தில் நமக்குப் பெருந்துணை செய்தது. ஆனால் அதன் உள்ளமைப்பை நோக்குங்கள். பாமினியில் "அம்மா" என்று நீங்கள் எழுதும்போது, கணினியின் வன்தட்டிற் போய்ச் சேர்வது தமிழ் எழுத்தன்று. நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே அங்கே கிடக்கின்றன. அவற்றின்மேல் தமிழ்முகம் பூசிக் காட்டுவது எழுத்துரு. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தோன்றும். அம்மா என்னும் சொல்லைத் தேடினாலும் அகப்படாது. யூனிக்கோடு முறையிலோ அகரத்துக்கென்று ஓரிடம், மகரத்துக்கென்று ஓரிடம் உலகப் பொதுவாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. 1991இல் வெளிவந்த முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. பழைய பாமினிக் கோப்புகளை யூனிக்கோடாக மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பாமினி விசைகளிற் பழகிய விரல்களுக்கு, அதே விசைகளை அழுத்தி யூனிக்கோடில் எழுத "எ-கலப்பை" போன்ற கருவிகளும் உள. ஆகவே புதிதாகப் பழகவேண்டுமே என்று எவரும் அஞ்சவேண்டாம். அடுத்த ஐம்பது ஆண்டில் இவ்வூரின் எழுத்தைப் பேரப்பிள்ளைகள் வாசிக்கவேண்டுமானால், இம்மாற்றத்தை இப்போதே செய்துவிடுங்கள்.

எழுத்தைப் பெரிதாக்குதலும் ஒழுங்குசெய்தலின் பாற்படும். கண் மங்கிய தாத்தாவுக்குத் திரையெழுத்தைப் பெரிதாக்கிக் கொடுங்கள். அவருக்கு வேண்டிய நான்கு சின்னங்களை மாத்திரம் திரையில் வைத்து ஏனையவற்றை ஒதுக்குங்கள். கணினி தொடங்கும்போதே தாமாக எழுந்து ஓடும் தேவையற்ற நிரல்களை நிறுத்துங்கள். பழைய கணினி மெதுவாக ஓடுகிறது என்று புதியது வாங்கப் புறப்படுமுன், இவ்வாறு சுமையைக் குறைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, காத்தல். இதில் நான்கு காரியங்களைச் சொல்வேன்.

முதற்காரியம் கணக்குப் பிரித்தல். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி முதலியோர் யூனிக்ஸ் என்னும் முறைமையை ஆக்கத் தொடங்கினர். ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்ட காலம் அது. எனவே, ஒருவர் கோப்பை மற்றவர் தொடாதவாறும், முறைமையின் அடித்தளத்தை நிருவாகி ஒருவரே மாற்றக்கூடியவாறும் அதனை அமைத்தனர். அதே கொள்கை லினக்சுக்கு வந்தது. விண்டோசிலும் 1993இல் வெளிவந்த என்.டி. பதிப்பினூடாக அக்கொள்கை இடம்பெற்று, 2001இன் எக்ஸ்.பி. பதிப்போடு வீடுகளுக்கும் வந்துசேர்ந்தது. ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? கணினி வாங்கிய அன்று கடைக்காரப் பையன் ஒரேயொரு கணக்கைத் திறந்து, அதற்கு நிருவாகி உரிமை கொடுத்துவிட்டுப் போகிறான். அந்தக் கணக்கிலேயே தந்தை கணக்கெழுதுகிறார், மகன் விளையாடுகிறான், மைத்துனர் படம் பார்க்கிறார்.

இதில் என்ன தீங்கு? நீங்கள் எந்த உரிமையோடு கணினிமுன் உட்கார்ந்திருக்கிறீர்களோ, நீங்கள் திறக்கும் ஒவ்வொரு நிரலும் அதே உரிமையோடுதான் வேலை செய்யும். நிருவாகியாக இருந்துகொண்டு நச்சுக் கோப்பு ஒன்றைத் திறந்தால், அந்த நச்சு நிரல் நிருவாகியின் பெயராலே காவலை நீக்கும். தன்னை ஆழப் பதித்துக்கொள்ளும். சாதாரணக் கணக்கில் இருந்தால், அது அடித்தளத்தைத் தொட முயலும்போது கணினி கடவுச்சொல் கேட்கும். அந்தக் கேள்வியே உங்களுக்கு ஓர் எச்சரிக்கை. எனவே நிருவாகிக் கணக்கு ஒன்றை வேறாக வையுங்கள். நாளாந்த வேலைக்கு ஒவ்வொருவர்க்கும் சாதாரணக் கணக்குத் திறவுங்கள். இதற்குப் பணம் ஒரு சதமும் வேண்டாம். பத்து நிமிடம் போதும்.

இரண்டாங்காரியம் கடவுச்சொல். பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் கடவுச்சொல் ஆகா. அவற்றை ஊரே அறியும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக அமையுங்கள். குறியீடுகளை நிறைத்த குறுஞ்சொல்லை விட நீண்ட சொற்றொடர் கண்டுபிடிக்க அரிது. நினைவில் வைக்கவோ எளிது. மின்னஞ்சலுக்கு ஒன்று, வங்கிக்கு வேறொன்று என வைத்துக்கொள்ளுங்கள். திருத்தக் கொடுக்கும்போது, திருத்துபவர்க்கென்று ஒரு தனிக்கணக்குத் திறந்து கொடுங்கள். உங்கள் கடவுச்சொல்லை எழுதிக் கொடுக்கவேண்டாம். வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டினால், கடவுச்சொல் இல்லாமலே கோப்புகளை வாசித்துவிடலாம் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். அதைத் தடுக்கவேண்டின் வன்தட்டு முழுவதையும் மறைகுறியாக்கி வைக்கவேண்டும். அதன் மீட்புச் சாவியைக் கடதாசியில் எழுதிக் காணி உறுதியோடு சேர்த்து வையுங்கள். நம் சகோதரிகளின் படங்கள் பிறர் கையிற் சிக்கி, அவற்றைக் காட்டி அவர்களை அச்சுறுத்தும் கொடுமை நாட்டிலே நடக்கின்றது. அவ்வாறு நேரும்போது குற்றம் செய்தவனைக் கேளுங்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையை ஏசாதீர்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் நுழைவதைக் குற்றமாக்கியுள்ளது.

மூன்றாங்காரியம் திருத்தங்களை உடனுக்குடன் ஏற்றல். பலர் "அப்டேட்" என்று கேட்டவுடன் எரிச்சலடைந்து அதை நிறுத்தி வைக்கின்றனர். அதன் விளைவை உலகம் 2017இல் கண்டது. அவ்வாண்டு மார்ச் 14ஆம் திகதி மைக்ரோசொஃப்ட் நிறுவனம் விண்டோசில் இருந்த ஒரு துளையை அடைக்கும் திருத்தத்தை வெளியிட்டது. அதை ஏற்றாதோர் மிகப் பலர். மே 12ஆம் திகதி "வன்னாகிரை" என்னும் நச்சுநிரல் அதே துளை வழியாகப் புகுந்தது. ஏறக்குறைய 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கவேண்டுமாயின் பணம் தா என்றது. இங்கிலாந்தின் தேசிய வைத்தியசேவையிலே ஏறத்தாழ 19,000 நோயாளர் சந்திப்புகள் நின்றுபோயின என்று அந்நாட்டுக் கணக்காய்வு அலுவலகம் மதிப்பிட்டது. கதவுக்குத் தாழ்ப்பாள் இரண்டு மாதத்துக்கு முன்பே வந்துவிட்டது, பூட்டாமல் இருந்தார்கள். அவ்வளவே.

நான்காங்காரியம் பென்டிரைவ் பற்றியது. நம் பிள்ளைகள் ஒப்படையை அச்சிடப் போட்டோப்பிரதிக் கடைக்குப் பென்டிரைவைக் கொண்டுசெல்கிறார்கள். அக்கடைக் கணினியில் நாளொன்றுக்கு எத்தனை பேருடைய பென்டிரைவ் செருகப்படுகிறது! அம்மை கண்ட வீட்டுக்குள் எல்லாப் பிள்ளைகளையும் அனுப்புவது போன்றதே இது. அச்சிடுவதற்கு வேறொரு பென்டிரைவை வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்தவுடன் சோதியாமல் எதையும் திறவாதீர்கள். கோப்பு இருந்த இடத்தில் குறுக்குவழிச் சின்னம் ஒன்று முளைத்திருந்தால் அதைத் தொடவேண்டாம்.

மூன்றாவது, நிருவகித்தல். இதிலே தலையாயது காப்பெடுத்தல், அதாவது பிரதி எடுத்து வேறிடத்தில் வைத்தல்.

ஒரே பிரதி என்பது எவ்வளவு ஆபத்தானது என்பதைத் தமிழ்மக்களுக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் அச்சேறாத ஓலைச்சுவடிகளும் இருந்தன. அச்சிட்ட நூலுக்கு வேறெங்கேனும் ஒரு பிரதி இருந்திருக்கும்; ஒற்றைச் சுவடிக்கு ஏது? 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலையில் கடல் எழுந்து வந்ததை இவ்வவையிலுள்ள பெரியோர்களுக்கு நான் நினைவூட்டவேண்டியதில்லை. இலங்கையிலே மிக அதிகமான உயிர்களை இழந்தது நமது அம்பாறை மாவட்டம். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று தமிழர், முஸ்லிம் என்ற வேறுபாடின்றி அலை வாரிக்கொண்டு போயிற்று. உயிர்தப்பியவர்கள் பின்னர் எவ்வளவு அலைந்தார்கள்! பிறப்புச் சான்றிதழ் இல்லை. அடையாள அட்டை இல்லை. காணி உறுதி இல்லை. தாம் இன்னார் என்பதை நிறுவவே அவர்கள் வரிசையில் நின்றார்கள்.

அந்தத் துயரத்தினுள்ளும் ஒரு நற்செய்தி உண்டு. சுனாமி வந்த சில நாட்களிலேயே இலங்கையின் கணினி வல்லுநர்கள் தொண்டர்களாகக் கூடி, காணாமற்போனோர் விபரம், முகாம்களின் விபரம், உதவி நிறுவனங்களின் விபரம் ஆகியவற்றைத் திரட்டும் "சகன" என்னும் மென்பொருளை ஆக்கினார்கள். சிங்களத்தில் அச்சொல் நிவாரணத்தைக் குறிக்கும். லங்கா மென்பொருள் அறக்கட்டளையினர் அதனைப் பேணி, எவரும் எடுத்துத் திருத்திப் பயன்படுத்தலாம் என்று உலகுக்கு விட்டனர். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2010இல் ஹெயிட்டி நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்கான சமூகநல விருதை அதற்கு அளித்தது. நம் கரையிலே சிந்திய கண்ணீரிலிருந்து உலகுக்குப் பயன்படும் ஒரு கருவி பிறந்தது என்று நாம் சொல்லலாம்.

இனி, அண்மைக்கால நிகழ்ச்சியொன்று. 2023 ஒகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவை பணம்பறிக்கும் நச்சுநிரலால் தாக்கப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறக்குறைய 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 தொடக்கம் ஒகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் மீளாமலே போயின. காரணம் யாது? அக்காலப்பகுதிக்கு வலையமைப்பிலிருந்து பிரித்து வைக்கப்பட்ட பிரதி இல்லை. பயன்படுத்திய மென்பொருளும் காலங்கடந்த 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. ஓர் அரசாங்கத்துக்கே இந்நிலை நேரக்கூடுமாயின், நம் கடையும் ஆலயமும் பள்ளியும் எம்மாத்திரம்!

இதற்கு மூன்று, இரண்டு, ஒன்று என்று ஓர் எளிய விதி வகுத்துள்ளனர். முக்கியமான எதற்கும் மூன்று பிரதிகள் இருக்கவேண்டும். அவை இரண்டு வகையான சாதனங்களில் இருக்கவேண்டும். ஒன்றாவது வேறிடத்தில் இருக்கவேண்டும். கடற்கரையில் வாழும் நமக்கு "வேறிடம்" என்பது அடுத்த தெருவன்று. அம்பாறை நகரிலோ கண்டியிலோ உள்ள உறவினர் வீட்டில் ஒரு வெளி வன்தட்டை வைத்து, மூன்று மாதத்துக்கொருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். பிரதி எடுத்தவுடன் வன்தட்டைக் கழற்றிவிடவேண்டும். எந்நேரமும் மாட்டியிருந்தால், கணினியின் கோப்புகளைப் பூட்டும் நச்சுநிரல் பிரதியையும் சேர்த்துப் பூட்டிவிடும். சாதாரணக் கணக்கில் இருந்தாலும் உங்கள் சொந்தக் கோப்புகளை அது தொடமுடியும்; ஆதலால் கணக்குப் பிரித்தல் மாத்திரம் போதாது, பிரதியும் வேண்டும். இன்னொன்று: எடுத்த பிரதியிலிருந்து ஒரு கோப்பையேனும் மீட்டுப் பார்த்தாலன்றி அதைப் பிரதி என்று நம்பவேண்டாம். விதைநெல்லை முளைக்கவைத்துப் பார்த்த பின்பன்றோ வயலில் விதைக்கிறோம்?

இப்பொழுது எந்தப் பணிசெயல் முறைமையைக் கொள்வது என்னும் கேள்வி வருகிறது. இது வெறும் விருப்பம் பற்றியதன்று. நம் வீடுகளில் மிகுதியாகக் காணப்படும் விண்டோஸ் 10 பதிப்பு 2015இல் வெளிவந்தது. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு அதற்குரிய வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் நிறுத்தப்பட்டன. பதிவு செய்துகொண்டோருக்கு மட்டும் ஓராண்டு நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், அது டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய செயலியும் வேண்டும் என்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினிகள் பலவற்றில் அவை இல்லை.

ஆகவே நம்முன் மூன்று வழிகள் உள்ளன. ஒன்று, புதிய கணினி வாங்குதல். கையில் வசதியுள்ளோர் அதைச் செய்யலாம். இரண்டு, ஒன்றும் செய்யாமல் இருத்தல். அதன் விளைவை வன்னாகிரையின் கதையிலே கண்டோம். மூன்று, அதே பழைய கணினியில் லினக்சை நிறுவுதல்.

லினக்ஸ் 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரிலே லினஸ் தோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவரால் தொடங்கப்பட்டது. 1983இல் றிச்சர்ட் ஸ்டோல்மன் தொடங்கிவைத்த கட்டற்ற மென்பொருள் முயற்சியோடு அது இணைந்தது. உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட் எனப் பல தொகுப்புகள் இன்று இலவசமாகக் கிடைக்கின்றன. உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புகளுக்கு ஐந்தாண்டு வரை இலவசத் திருத்தங்கள் வருகின்றன. கேரளத்திலே அரசுப் பாடசாலைகள் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே கணினி கற்பிக்கின்றன. இந்திய அரசின் சி-டாக் நிறுவனத்தார் சென்னையிலிருந்து "போஸ்" லினக்சை ஆக்கினர். நம் நாட்டிலும் கண்டி மலையொன்றின் பெயரைத் தாங்கி "ஹந்தான லினக்ஸ்" சில காலம் வெளிவந்தது.

குறைகளையும் மறைக்கக்கூடாது. சில கணக்கியல் மென்பொருள்களும் அச்சகத்தார் கையாளும் சில மென்பொருள்களும் லினக்சில் ஓடா. சில அச்சுப்பொறிகள் முரண்டு பிடிக்கும். ஆகவே முதலில் நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பாருங்கள். லினக்ஸ் அதற்கு இடமளிக்கிறது. உங்கள் அச்சுப்பொறியும் ஒலியும் வலைத்தொடர்பும் வேலை செய்கின்றனவா என்று பார்த்த பின்னர் முடிவு செய்யுங்கள். பிரதி எடுக்காமல் நிறுவாதீர்கள். விண்டோசே தேவைப்படுவோர் அதை முறையாகப் பணங்கொடுத்து வைத்திருங்கள். அதிற் குறையொன்றும் இல்லை.

முறையாக என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன்? நம் ஊர்களில் ஓடும் விண்டோசுகளுட் பல திருட்டுப் பிரதிகள் என்பதை யாவரும் அறிவோம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி அது குற்றம். சட்டம் ஒருபுறம் கிடக்கட்டும். பிறர் உழைப்பைக் கேளாமல் எடுப்பதை நம் சமயமும் ஒப்பாது. நம் இஸ்லாமிய சகோதரர்களின் மார்க்கமும் ஒப்பாது. அதற்கும் மேலாக நேரடிக் கேடு ஒன்றுண்டு. திருட்டுப் பிரதியைச் செயற்படுத்தும் "கிராக்" என்னும் நிரலை ஓட்டுமுன், நச்சுத் தடுப்பை நிறுத்திவிட்டு, நிருவாகி உரிமையைக் கொடு என்று அதுவே கேட்கும். யார் எழுதியது என்று தெரியாத ஒரு நிரலுக்கு, காவலாளியை அனுப்பிவிட்டு, வீட்டுச்சாவியைக் கொடுப்பது எவ்வளவு பேதைமை! இலவசமாகவும் நேர்மையாகவும் கிடைக்கும் ஒன்று அருகில் இருக்கும்போது களவுக்கு என்ன தேவை?

அன்பர்களே, இனிச் செயலுக்கு வருவோம். பேசிக் கலைவது நம் வழக்கம் என்று சொல்வாருண்டு. அச்சொல்லை இம்முறை பொய்யாக்குவோம். இளைஞர்களுக்கு மூன்று வேலைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு வீட்டிலும், கடையிலும், ஆலயத்திலும் கணினிக்குப் பொறுப்பானவர் ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். எல்லார்க்கும் பொது என்றால் எவர்க்கும் பொறுப்பில்லை. அவர் ஓர் அப்பியாசக் கொப்பியில், எந்த நாளில் திருத்தம் ஏற்றினோம், எந்த நாளிற் பிரதி எடுத்தோம், எந்த மென்பொருளைப் புதிதாக நிறுவினோம் என்று எழுதி வரட்டும். அவர் வெளிநாடு போனாலும் அடுத்தவர் அக்கொப்பியைப் பார்த்து வேலையைத் தொடரலாம். இப்பொறுப்பு ஆண்பிள்ளைக்குத்தான் என்று எண்ணவேண்டாம். க.பொ.த. வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் நம் பெண்பிள்ளைகள் இதனை மிகச் செவ்வனே செய்வார்கள்.

இரண்டாவது, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கணினி நாளாக வையுங்கள். பழைய கணினி வைத்திருப்போர் கொண்டுவரட்டும். கணக்குப் பிரித்துக் கொடுங்கள்; பிரதி எடுத்துக் கொடுங்கள்; விரும்பினோர்க்கு லினக்ஸ் நிறுவிக் கொடுங்கள். ஆனால் உரியவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். அவரது கோப்பை நீங்கள் திறவாதீர்கள். அவரது கடவுச்சொல்லைக் கேளாதீர்கள். நம்பிக்கையே இத்தொண்டின் முதல். பாண்டிருப்பில் ஒரு மாதம் நடந்தால் மருதமுனையில் மறுமாதம் நடக்கட்டும்; காரைதீவில் ஒரு மாதம், சாய்ந்தமருதில் ஒரு மாதம். நச்சுநிரல் எந்த ஊரான் என்று பார்ப்பதில்லை, நாமும் பார்க்கவேண்டாம். ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலே கற்கும் மாணவர்களையும் துணைக்கு அழையுங்கள்.

மூன்றாவது, பெரியோர்களிடமுள்ள பாமினிக் கோப்புகளையும் கையெழுத்துப் பிரதிகளையும், அவர்கள் அனுமதியோடு, யூனிக்கோடாக மாற்றியும் படமெடுத்தும் பாதுகாருங்கள். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய ஆவணகம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் இலவசமாகச் சேமித்து வழங்கிவருகிறது. நம் ஊர் மலர்களும் அங்கே சென்று சேரட்டும்.

பெரியோர்களுக்கு ஒரேயொரு வேண்டுகோள். பிள்ளைகள் கணினியைத் திறந்து அமைப்பை மாற்றும்போது, "தொடாதே, பழுதாகிவிடும்" என்று தடுக்கவேண்டாம். பிரதி எடுத்துவிட்டாயா என்று மாத்திரம் கேளுங்கள். எடுத்திருந்தால் தொடட்டும், பழுதாக்கட்டும், திருத்தப் பழகட்டும். நீந்தப் பழகுபவன் நீரில் இறங்காமல் முடியுமா?

கணினி நம் பணத்தால் வாங்கியது என்பதனால் மாத்திரம் நம்முடையது ஆகிவிடாது. அதற்குள்ளே யார் நுழையலாம், எது ஓடலாம், எது எங்கே இருக்கவேண்டும் என்று தீர்மானிக்கும் அறிவு நம்மிடம் இருக்கும்போதே அது நம்முடையதாகிறது. அவ்வறிவு விலைக்கு வாங்குவதன்று, பழகிப் பெறுவது. இன்றிரவு வீட்டுக்குப் போனவுடன் வேறொன்றும் செய்ய இயலாவிட்டாலும், உங்களுக்கு மிக வேண்டிய ஒரு கோப்புக்கு ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அது போதும், மற்றவை தொடர்ந்து வரும்.